வரலாறு கற்பதால் எனக்கென்ன பயன்?



இலக்கியத் தொடரொன்றிலே வரலாற்றைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என உங்களிற் சிலர் எண்ணக்கூடும். தமிழாசிரியனாகிய எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆயினும், சில ஆண்டுகளுக்கு முன்னர் வகுப்பறையில் எழுந்த வினாவொன்று இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை. அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. அவ்விடையைத் திருத்திச் சொல்லும் முயற்சியே இன்றைய உரை.

வரலாற்று ஆசிரியர் விடுமுறையில் நின்றமையால், பதினோராந் தரத்தின் அப்பாடவேளைக்கு நான் சென்றிருந்தேன். புத்தகத்தைத் திறக்குமாறு கூறியதும் மாணவன் ஒருவன் எழுந்தான். கெட்டிக்காரன், கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் முன்னிற்பவன். "சேர், நான் எஞ்சினியரா வரப்போறன். செத்துப்போன ராசாக்கள் எந்த வருசம் ஆண்டவை எண்டு நான் ஏன் பாடமாக்க வேணும்? அதாலை எனக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை என்பது அவன் முகத்திலே தெரிந்தது.

"பழையதை அறிந்தால்தான் வருங்காலத்தை அறியலாம்" என்று எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன். அவன் "ஓம் சேர்" என்று இருந்துவிட்டான். மரியாதைக்காக இருந்தானேயன்றி, விடை கிடைத்ததென்று இருக்கவில்லை.

இதே வினாவை எதிர்கொண்ட பேரறிஞர் ஒருவரைப் பற்றிப் பின்னர் வாசித்தேன். மார்க் புளொக் என்பவர் பிரான்சு நாட்டு வரலாற்றறிஞர். அவருக்கு நெருக்கமான சிறுவன் ஒருவன், வரலாற்றாசிரியரான தன் தந்தையிடம் 'வரலாற்றினால் என்ன பயன்' என்று கேட்டானாம். அந்த வினாவோடுதான் அவர் தம் கடைசி நூலைத் தொடங்குகின்றார். இரண்டாம் உலகப் போரின்போது, தம் நூலகத்தை இழந்த நிலையிலே அவர் அதனை எழுதினார். நாசிகளின் ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்திலே சேர்ந்தமையால் 1944ஆம் ஆண்டு யூன் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். முற்றுப்பெறாத அந்நூல் 1949இல் வெளிவந்தது. உயிருக்கே உத்தரவாதமில்லாத வேளையிலும் ஒரு சிறுவனின் கேள்வி அவருக்குச் சிறிதாகத் தோன்றவில்லை. எனக்கு மட்டும் அது எவ்வாறு சிறிதாகும்?

வந்த வழியும் விசாரணையும்

'வரலாறு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வரல், ஆறு என்னும் இரண்டின் சேர்க்கை அது. ஆறு என்றால் வழி. வந்த வழியே வரலாறு. இது நம் சொல். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வரலாற்றுக்கு வழங்கும் சொல்லோ 'ஹிஸ்தோரியா' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கேட்டு விசாரித்து அறிதல் என்பது அதன் பொருள். ஆக, ஒரு மொழி வந்த வழியைச் சொல்லுகின்றது. மற்றொரு மொழி அவ்வழியை விசாரிப்பதைச் சொல்லுகின்றது.

என் வயதினர் பாடசாலையில் வரலாற்றை ஒரு தனிப்பாடமாகக் கற்றவர்கள் அல்லர். 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின் பின்னர், சமூகக் கல்வி என்னும் பெரும்பாடத்தின் ஒரு பகுதியாகவே நெடுங்காலம் அது கற்பிக்கப்பட்டது. பின்னரே மீண்டும் தனிப்பாடமாயிற்று. பகுதியாகவோ தனியாகவோ, நாம் பெரும்பாலும் கற்றது வந்த வழியை. அதனை விசாரிக்கக் கற்கவில்லை. ஆண்டுகளும் பெயர்களும் நினைவில் நின்றன. "இது உமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பழக்கம் வரவில்லை. அந்தக் குறை என்னிடமும் இருந்தது. அதனை நான் அறிந்துகொண்ட விதத்தையும் கூறிவிடுகின்றேன்.

யாழ்பாடி கதை

ஆசிரியனான தொடக்க காலத்தில் யாழ்ப்பாணம் என்ற பெயர் எவ்வாறு வந்தது என வகுப்பிலே விளக்குவது எனக்கு மிகவும் விருப்பமானது. கண்பார்வையற்ற யாழ்ப்பாணன் ஒருவன் அரசன் முன்னிலையில் யாழ் வாசித்தான்; உள்ளங்குளிர்ந்த அரசன் மணல் நிறைந்த இந்நிலப்பரப்பைப் பரிசாக அளித்தான்; அதனாலேயே இது யாழ்ப்பாணமாயிற்று. அரசவையில் நானும் ஓர் ஆளாக இருந்து பார்த்ததுபோல் இக்கதையைச் சொல்லுவேன். மாணவர்களும் வாய்திறந்து கேட்பார்கள்.

ஒருநாள் முன்வரிசைப் பிள்ளையொன்று, "எந்த அரசன் சேர்?" என்று கேட்டது. எனக்குத் தெரியவில்லை. "அந்தக் காலத்து அரசன்தான், இரும்" என்று அதட்டிவிட்டேன். வீட்டுக்குச் சென்ற பின்னரும் மனம் ஆறவில்லை. நூல்களைத் தேடி எடுத்தேன்.

யாழ்ப்பாணத்தின் பழைய வரலாற்றைச் சொல்ல நாம் முதலில் எடுப்பது யாழ்ப்பாண வைபவமாலை. மாதகல் மயில்வாகனப் புலவர், மேக்கறூன் எனத் தமிழில் வழங்கும் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளுக்கிணங்க, பதினெட்டாம் நூற்றாண்டிலே எழுதியது அது. யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்துவிட்டது. ஆகவே, அரசு அழிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலான பின்னர், அதற்கும் பன்னூறாண்டு முற்பட்ட செய்திகளை, முன்னிருந்த நூல்களையும் செவிவழிக் கதைகளையுங் கொண்டு அவர் தொகுத்தார். யாழ்பாடிக்கு நிலமளித்த அரசன் யார் என்பதிலே வழங்கும் கதைகளுக்கிடையே ஒற்றுமை இல்லை. முதலியார் செ. இராசநாயகம் 1926இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய நூலிலும், சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட 'யாழ்ப்பாண வைபவ விமர்சன'த்திலும் இத்தகைய பழங்கதைகள் எடைபோட்டுப் பார்க்கப்பட்டுள்ளன. இருவரும் எல்லாவற்றிலும் உடன்பட்டவர்களுமல்லர். திருப்புகழிலோ ஊரின் பெயர் 'யாழ்ப்பாணாயன்பட்டினம்' என வருகின்றது. பெயரின் மூலம் பற்றி அறிஞரிடையே ஒருமித்த முடிவு இன்னும் ஏற்படவில்லை.

நான் நாணமுற்றேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு, நானே விசாரிக்காத ஒன்றை, விசாரித்து முடிந்ததாகச் சொல்லியிருக்கின்றேன்.

யாழ்பாடி கதையை இன்றும் நான் வகுப்பிலே சொல்வதுண்டு. ஆயின், 'என்று சொல்லுவர்' என்னும் இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொள்கின்றேன். கதையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஓர் ஊரின் பிறப்புக்கு வாளைக் காரணமாக்காமல் யாழைக் காரணமாக்கிப் பார்த்த மனம் நம் முன்னோருடையது. அதுவும் ஒரு வரலாற்று உண்மைதான். அக்கதை அரசனைப் பற்றிய சான்றாக இல்லாவிடினும், அதனைச் சொல்லி மகிழ்ந்த மக்களைப் பற்றிய சான்றாகும்.

வரலாறு கற்பதனால் ஒருவன் பெறும் முதற்பயன் இதுவே என்பேன். சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? அவர் நேரே கண்டவரா, கேட்டவரா? அவ்வாறு சொல்வதால் அவருக்கு ஆவதென்ன? இந்த நான்கு வினாக்களையும் வைபவமாலையிடம் கேட்கப் பழகியவன், கைத்தொலைபேசியில் வரும் செய்தியிடமும் கேட்பான். தேநீர்க்கடைப் பேச்சிடமும் கேட்பான். காணி வழக்கிலே "எங்கடை பேரன் காலத்திலையிருந்து இது எங்கடை" என்று சத்தமிடும் தன் சொந்த நாவிடமும் கேட்பான். கடைசியிற் சொன்னதுதான் கடினமானது.

காலியிற் கிடைத்த கல்

அடுத்து உங்களைக் காலி நகருக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றேன். பொறியியலாளனாக வர விரும்பிய என் மாணவனுக்கும் இது பிடித்த செய்தி. 1911ஆம் ஆண்டிலே அந்நகரில் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்த கற்பலகையைக் கண்டெடுத்தவர் ஒரு பொறியியலாளர். அதன் தலைப்பிலே இரண்டு பறவைநாகங்கள் செதுக்கப்பட்டிருந்தன. அதன்மீது சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலே எழுத்துகள் இருந்தன. இப்போது அது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது.

அக்கல்லிலே குறிக்கப்பட்டுள்ள காலம் 1409ஆம் ஆண்டு. சீனாவை மிங் வம்சத்து யொங்லே பேரரசர் ஆண்ட காலம் அது. அவருடைய கடற்படைத் தலைவர் செங் ஹோ பெருங் கப்பற் கூட்டத்துடன் இந்துசமுத்திரத்திலே பலமுறை பயணஞ் செய்தார். அப்பயணமொன்றின்போது இங்கு நாட்டுவதற்காகக் கொண்டுவரப்பட்டதே இக்கல்.

சீனப் பகுதியை வாசிப்பவருக்கு, பேரரசர் புத்தபெருமானுக்குக் காணிக்கை செலுத்தியமை தெரிகின்றது. தமிழ்ப் பகுதியை வாசிப்பவருக்கு, தெற்கே தேவேந்திரமுனையிற் கோயில்கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்கு அவர் காணிக்கை செலுத்தியமை தெரிகின்றது. பெரிதும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதியோ இஸ்லாமியரின் இறைவனுக்குச் செலுத்திய காணிக்கையைக் கூறுகின்றது. பொன், வெள்ளி, பட்டு, வாசனைத் தைலம் எனக் காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் பெரும்பாலும் ஒத்திருக்கின்றது. தெய்வம் மட்டும் வேறு.

நேயர்களே, அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அக்கல்லின் முன் நின்ற மூவரை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவனும் தன் மொழியை மட்டும் அறிந்தவன். "சீனத்துப் பேரரசரே எங்கள் தெய்வத்தின் பெருமையறிந்து காணிக்கை அனுப்பினார்" என்று மூவரும் மகிழ்ந்து வீடு திரும்பியிருப்பார்கள். மூவரும் பொய் சொல்லவில்லை. மூவரும் கண்டதையே சொன்னார்கள். எனினும், மூவரில் ஒருவனாவது கல்லை முழுமையாக அறிந்தவன் அல்லன்.

நம்முடைய நிலையும் இதுதான். நம் வீட்டில், நம் ஊரில், நம் மொழியில் நமக்குச் சொல்லப்பட்டவை பொய்யென்பது என் கருத்தன்று. அவை கல்லிலே நாம் வாசிக்கக்கூடிய பகுதி மாத்திரமே. பக்கத்தில் வேறெழுத்தும் உண்டு. அதனை வாசிக்க இயலாவிடினும், அங்கே எழுத்து இருக்கின்றது என்று அறிவதே மனிதனைப் பாதி திருத்திவிடும். அத்தமிழ்ப் பகுதியை வாசித்து 1933இல் வெளியிட்டவர் பேராசிரியர் செனரத் பரணவிதான என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. சிங்கள அறிஞர் ஒருவர் தமிழைக் கற்று, தமிழர் பலர் அறியாதிருந்த தமிழ்ச் சாசனத்தை நமக்கு வாசித்துத் தந்தார்.

இன்னுமொன்று. மூன்று மொழிகளையும் அறிந்தவனுக்கும் கல் முழுவதையும் சொல்லிவிடவில்லை. காணிக்கையும் பக்தியுமாகப் பேசும் அக்கல்லின் ஆண்டுக்குப் பின், இரண்டாண்டுகள் அளவில், செங் ஹோவின் படைக்கும் இங்கிருந்த ஆட்சியாளரான அழகேஸ்வரனுக்கும் போர் மூண்டது. அவரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றதாகவும் பின்னர் விடுவித்ததாகவும் சீனக் குறிப்புகள் கூறுகின்றன. கல்லிலே அதைப் பற்றி ஓரெழுத்தும் இல்லை. எழுதப்பட்டதை வாசிப்பது கல்வி. எழுதப்படாததும் இருக்கக்கூடும் என நினைந்து அடக்கம் கொள்வதும் கல்விதான்.

நயினாதீவிலே ஒரு கட்டளை

காலி தொலைவு என்று எண்ணுவோர் நயினாதீவுக்குச் செல்லலாம். நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கப் படகேறிச் செல்லும் நம்மவரிற் பெரும்பாலோர், அக்கோயிலிலே உள்ள பழைய கல்வெட்டொன்றைக் கவனிப்பதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அது. பெரும்பகுதி தமிழிலே பொறிக்கப்பட்டுள்ளது.

இன்று ஊர்காவற்றுறை என வழங்கும் ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்கின்றது அது. கப்பல் உடைந்துபோனால் என்ன செய்வது என்பதையும் விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு; மிகுதி மூன்று பங்கும் உடையவனுக்கு. பிற சரக்கு ஏற்றிவந்த கப்பலாயின் சரிபாதி.

இதனை முதன்முறை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு சொல்லுந் தரமன்று. பராக்கிரமபாகு என்றால் நான் மனப்பாடஞ் செய்திருந்தது குளங்களைப் பற்றி. இங்கோ அவனுடைய ஆணை தமிழிலே பேசுகின்றது. கரையொதுங்கிய வணிகனின் கவலையைப் பற்றிப் பேசுகின்றது. அரசனுக்கு அதில் ஆதாயமும் உண்டு என்பதை மறுக்கவில்லை. யானையும் குதிரையும் படைக்கு வேண்டியவை. அவற்றைக் கொணர்வோனுக்குச் சலுகை கூடுதலாக இருப்பதன் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. நல்லவன், கெட்டவன் என்று அரசரைப் பிரித்துப் புள்ளி வழங்கும் பழக்கம் அன்றோடு என்னிடமிருந்து பெரிதும் குறைந்தது. மனிதர் ஏன் அவ்வாறு செய்தனர் என்று கேட்கும் பழக்கம் வந்தது. அயலவரையும் உறவினரையும் பார்க்கும்போதும் அது எனக்குக் கைகொடுக்கின்றது.

முடிவை மாற்றிக்கொண்டவர்

இக்கல்வெட்டை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டவர் கா. இந்திரபாலா. பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். இலங்கையில் தமிழர் குடியேற்றங்களின் தொடக்கம் பற்றியும் யாழ்ப்பாண இராச்சியத்தின் தோற்றம் பற்றியும் 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு அளித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதன் முடிவுகளைத் தமக்கு வசதியாக எடுத்துக்கொண்டோரும் உண்டு, கடிந்துரைத்தோரும் உண்டு.

பின்னர் ஆனைக்கோட்டை முதலிய இடங்களிலே புதிய தொல்பொருட் சான்றுகள் கிடைத்தன. மொழி, இனம், குடியேற்றம் ஆகியவற்றைப் பற்றிய அறிஞர்களின் பார்வையும் மாறியது. அவற்றையெல்லாம் கருத்திற் கொண்டு, தம் பழைய முடிவுகள் பலவற்றைக் கைவிட்டு, இலங்கைத் தமிழரின் இன அடையாளம் உருவானமை பற்றி 2005இல் அவர் ஒரு புதிய நூலை வெளியிட்டார். பட்டம் பெற்றுத் தந்த ஆய்வையே நாற்பது ஆண்டுகளின் பின் தாமே திருத்தினார்.

நேயர்களே, நம்மில் எத்தனை பேருக்கு இது இயலும்? நேற்றுச் சொன்னதை இன்று மாற்றினால் மானம் போய்விடும் என்று அஞ்சுகின்றோம். குடும்பத்திலே ஒரு சிறு தவறை ஒப்புக்கொள்ளவும் நா எழுவதில்லை. சான்று மாறினால் முடிவையும் மாற்றலாம், அதனால் மனிதன் சிறுமையடைவதில்லை என்பதை எனக்குக் கற்பித்தது இந்தத் துறையே.

எரிந்தவையும் எஞ்சியவையும்

தமிழ் இலக்கியம் கற்பவருக்கு இது புதிதன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இலே கலித்தொகையைப் பதிப்பித்தமை நாமறிந்ததே. செல்லரித்து, தொட்டால் ஒடியும் ஏடுகளை ஒப்புநோக்கி, ஒரு சொல்லுக்கு இரு பாடம் இருந்தால் எது சரியென்று தேர்ந்து நூலை மீட்ட அவருடைய உழைப்பும் வரலாற்று உழைப்பே. அவரும் அவர் போன்றோரும் சிறிது தாமதித்திருந்தால் இன்று நான் வகுப்பிலே கற்பிக்கச் சங்கப் பாடல்களிற் பல இருந்திரா.

ஏடு மீண்ட கதையைச் சொல்லும்போது நூல் எரிந்த கதையும் நினைவுக்கு வருகின்றது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஓலைச்சுவடிகளும் சென்றன. கட்டடம் பின்னர் மீளக் கட்டப்பட்டது. வெளியில் வேறு படியில்லாத சுவடி மட்டும் திரும்பவில்லை. 2009 வரை நீடித்த போரிலே வீடு வீடாக அழிந்த உறுதிகளையும், நாட்குறிப்புகளையும், நிழற்படங்களையும் எவரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. எஞ்சியிருக்கும் ஏடுகள் பெரும்பாலும் முதியோரின் நினைவுகளே. அவையும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே செல்கின்றன.

புயலடித்த வருசம்

இனி அந்த மாணவனிடம் திரும்புவோம். விடை சொல்லத் தெரியாத நான், அவனுக்கும் அவன் வகுப்புக்கும் ஒரு கட்டுரை கொடுத்தேன். தலைப்பு, 'எங்கள் வீடு வந்த வழி'. பாட்டன் பாட்டி காலம் முதல் இன்றுவரை எழுத வேண்டும். சொல்லும் ஒவ்வொன்றையும் எவ்வாறு அறிந்தோம் என்பதையும் எழுத வேண்டும். நிபந்தனை அவ்வளவே.

ஒரு கிழமையின் பின் அவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். "சேர், ஒரு கணக்குப் பிழைக்குது" என்றான். அவனுடைய அம்மம்மா, தான் கலியாணம் முடித்தது புயலடித்த வருசம் என்று சொன்னாராம். அயலிலே விசாரித்தபோது, புயலென்றால் 1964ஆம் ஆண்டு மார்கழியில் அடித்ததுதான் என்றார்களாம். ஆனால் அடையாள அட்டையின்படி அம்மம்மா பிறந்தது 1959. "அப்ப அவவுக்கு அஞ்சு வயசு, சேர். அது எப்பிடி?"

"ஒன்றிலே ஆண்டு பிழை, அல்லது புயல் பிழை. போய்ப் பாரும்" என்றேன்.

அவன் போனான். தாயின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தான். பிறந்த இடம் மட்டக்களப்பு என்றிருந்தது. எத்தனையோ முறை விண்ணப்பப் படிவங்களுக்காக அந்தச் சான்றிதழைத் தூக்கிச் சென்றிருக்கின்றான். ஒருநாளும் அந்த வரி கண்ணிற் பட்டதில்லை. மீண்டும் அம்மம்மாவிடம் சென்று, "எந்தப் புயல் அம்மம்மா?" என்று கேட்டான். அவர் சொன்னது 1978ஆம் ஆண்டு கார்த்திகையில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. கலியாணம் முடித்துக் கணவனின் கடை இருந்த அவ்வூருக்குச் சென்று சில மாதங்களே. கூரை பறந்த இரவில் அயல்வீட்டு முஸ்லிம் குடும்பம் ஒன்றே இருவரையும் தம் வீட்டுக்குள் அழைத்துக் காத்தது. பின்னர் கலவரங்கள், இடப்பெயர்வுகள், பாட்டனின் மறைவு. திரும்பி வந்த அம்மம்மா அந்த ஊரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

"ஏன் அம்மம்மா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?" என்று அவன் கேட்டானாம். "ஒருத்தரும் கேக்கேல்லை மோனை" என்றாராம் அவர்.

கட்டுரையிலே அவன் எழுத்துப்பிழைகள் விட்டிருந்தான். நான் சிவப்பு மையினால் ஒன்றையும் திருத்தவில்லை. அதன் இறுதியில், தன் வீட்டைக் காத்த அக்குடும்பத்தின் பெயர் அம்மம்மாவுக்கு மறந்துவிட்டது என்றும், அதை அறிய வேறு வழி உண்டா என்றும் எழுதியிருந்தான். ஆண்டுகளை ஏன் பாடமாக்க வேண்டும் என்று கேட்ட பிள்ளை அவன். ஓர் ஆண்டு பொருந்தாமற் போனதாலேயே அவனுக்கு ஓர் அம்மம்மா புதிதாகக் கிடைத்தார். தன் வீடு யாருக்குக் கடன்பட்டது என்பதும் தெரியவந்தது.

அவன் இன்று பல்கலைக்கழகத்திலே பொறியியல்தான் கற்கின்றான். வரலாறு அவனை வேறு தொழிலுக்கு இழுத்துச் செல்லவில்லை; அது தேவையுமில்லை.

ஒரு சொல் எச்சரிக்கையாகவும் கூறவேண்டும். மனக்குறைகளைச் சேர்த்துவைப்பதற்காகவே வரலாறு படிப்போரும் உளர். மற்றவன் செய்த தீங்குக்கெல்லாம் ஆண்டும் திகதியும் சொல்வார்கள்; தம்மவர் செய்தவை வரும்போது மறதி வந்துவிடும். அவர்கள் நிறைய வாசித்தவர்களாயிருக்கலாம். ஆனால் காலிக் கல்லிலே தம் மொழிப் பகுதியை மட்டும் மறுபடி மறுபடி வாசிப்பவர்கள். நடந்த தீங்கை மறக்கச் சொல்லவில்லை. நூலகம் எரிந்ததை நான் மறக்கமாட்டேன், மாணவருக்கும் சொல்லுவேன். அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை தேடிய அயல்வீட்டாரையும் சேர்த்தே சொல்லுவேன்.

ஆகவே, அன்று கேட்ட வினாவுக்கு என் திருத்திய விடை இது. தம்பி, நீர் எஞ்சினியராக வாரும். ஆனால் உமக்குச் சொல்லப்படுவதை நம்புமுன் கேட்கவும், உம்முடைய பகுதிக்குப் பக்கத்திலே வேறெழுத்தும் உண்டென்று நினைக்கவும், பிழையென்று கண்டால் மாற்றிக்கொள்ளவும் ஒரு படிப்பு வேண்டும். அதற்குத்தான் வரலாறு.

இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலே முதியவர் ஒருவர் இருந்தால், இன்றிரவு வானொலியை நிறுத்திவிட்டு அவரருகே சென்று அமருங்கள். எந்தப் புயல் என்று கேளுங்கள். கேட்டதைத் திகதியிட்டு எழுதி வையுங்கள்.